பெற்றோருக்கும் இடமுள்ள பூங்கா: வால்ட் டிஸ்னியின் கதை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கும். இம்முறை ஹாங்காங் டிஸ்னிலேண்டா, தோக்கியோவா? இரண்டு நாள் போதுமா, மூன்று நாள் வேண்டுமா? பூங்காவை ஒட்டிய ஹோட்டலில் தங்குவதா, நகரத்தில் தங்கி ரயிலில் போய்வருவதா? பாட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா? தம்பியின் உயரம் அந்தச் சவாரிக்குப் போதுமா? இந்தத் திட்டமிடும் வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள இளையர்களிடம்தான் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் தேடிப் படித்து, அம்மா அப்பாவுக்குத் தமிழில் விளக்கி, நாள்வாரியாக அட்டவணை போட்டுக் கொடுப்பது நாம்தானே!

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விகளுக்கு இடமே இருந்திருக்காது. அன்று பொழுதுபோக்குப் பூங்கா என்பது சில மணி நேர விஷயம். ராட்டினத்தில் ஏறி, சோளப்பொரி வாங்கித் தின்று, இருட்டியதும் வீடு திரும்புவார்கள். அதையே ஒரு குடும்பம் பல நாள் தங்கி அனுபவிக்கும் இடமாக மாற்ற வேண்டும் என்று திட்டமிட்டவர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸின் தந்தை என்று நாம் அனைவரும் அவரை அறிவோம். ஆனால் தம் வாழ்க்கையின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்தது பூங்காதான். அந்தக் கனவின் பெரும்பகுதி நிறைவேறியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதிகாலையில் நாளிதழ் போட்ட சிறுவன்

வால்ட் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தை எலையஸ், தாய் புளோரா. நான்கு ஆண் பிள்ளைகளில் வால்ட் கடைக்குட்டி. அவருக்குப் பின் ரூத் என்ற தங்கை பிறந்தார். தந்தை எலையஸ் தச்சுவேலை தெரிந்தவர். 1893ல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டுமானத்தில் அவரும் வேலை பார்த்தார். பிற்காலத்தில் மகன் கட்டப்போகும் கற்பனை நகரங்களுக்கு அது ஒரு முன்கதை போல அமைந்துவிட்டது.

1906ல் குடும்பம் மிசூரி மாநிலத்தின் மார்சலீன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு சிறிய பண்ணை, ஆப்பிள் மரங்கள், விலங்குகள், ஊர் வழியாகச் செல்லும் ரயில். உறவினர் ஒருவர் அந்த ரயிலை ஓட்டுபவராக இருந்தார். வால்ட் அங்கே வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்தான். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் அவர் மனம் அந்த ஊரையே சுற்றி வந்தது.

பண்ணை நிலைக்கவில்லை. மூத்த மகன்கள் இருவர் வீட்டைவிட்டுப் போனார்கள். தந்தையின் உடல்நலமும் கெட்டது. 1911ல் குடும்பம் கேன்சஸ் சிட்டி நகருக்குச் சென்றது. எலையஸ் அங்கே நாளிதழ் விநியோக உரிமையை வாங்கினார். அண்ணன் ராயும் ஒன்பது வயது வால்டும் விடியற்காலை நான்கரை மணிக்கு முன்பே எழுந்து வீடு வீடாக நாளிதழ் போட்டார்கள். பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் நாளிதழ். கொட்டும் பனியிலும் வேலை நிற்காது. அதற்குச் சம்பளமும் கிடையாது. ஆறு ஆண்டுகள் இப்படியே போயின. வகுப்பில் அவர் தூங்கி வழிந்ததில் வியப்பில்லை.

அதே நகரில் எலெக்ட்ரிக் பார்க் என்ற பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. பெயருக்கேற்ப ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் இரவில் அதை ஒளிரச் செய்யும். வீட்டில் மின்விளக்கே புதுமையாக இருந்த காலம் அது. விளையாட நேரமில்லாத ஒரு சிறுவனின் கண்களுக்கு அந்த ஒளி எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெற்றியும் விலையும்

முதல் உலகப் போரின் முடிவில், 16 வயதில், பிறந்த தேதியை மாற்றிக் காட்டி செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து வால்ட் பிரான்சுக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது போர் ஓய்ந்திருந்தது. திரும்பி வந்து ஓவியராக வேலை தேடினார். 1922ல் கேன்சஸ் சிட்டியில் சொந்தமாகக் கார்ட்டூன் நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டே அது நொடித்துப்போனது. கையில் இருந்த சொற்பப் பணத்துடன் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அங்கே 1923 அக்டோபரில் அண்ணன் ராயுடன் சேர்ந்து டிஸ்னி சகோதரர்கள் நிறுவனத்தைத் தொடங்கினார். கனவு காண்பது தம்பி, கணக்குப் பார்ப்பது அண்ணன் என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது. இருவரின் கடைசிக் காலம்வரை அது மாறவில்லை.

1928ல் அவர்கள் உருவாக்கிய ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தின் உரிமை கைநழுவிப் போனது. அதன் உரிமை விநியோக நிறுவனத்திடம் இருந்ததை வால்ட் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தார். அந்த இழப்பிலிருந்து பிறந்தது மிக்கி மவுஸ். நண்பர் அப் ஐவர்க்ஸ் வரைந்த அந்த எலி, அதே ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி ஒலியுடன் திரைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. 1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' முழுநீளப் படம் வெளிவந்தது. வால்ட் கடனில் மூழ்கப்போகிறார் என்று திரைத்துறையினர் கேலி பேசிய அந்தப் படம் பெரும் வெற்றி கண்டது.

அந்த மகிழ்ச்சியில் சகோதரர்கள் இருவரும் பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டைச் சூடாக்கும் அடுப்பில் கோளாறு இருந்தது. அதிலிருந்து கசிந்த நச்சு வாயு 1938 நவம்பர் 26ஆம் தேதி தாய் புளோராவின் உயிரைப் பறித்தது. ஆசையாக வாங்கிக் கொடுத்த வீடே அம்மாவைக் கொன்றுவிட்டது. அதைப்பற்றி வால்ட் பிறகு யாரிடமும் மனம்விட்டுப் பேசியதில்லை என்கிறார்கள்.

1941ல் இன்னோர் அடி. சம்பளமும் அங்கீகாரமும் சமமாக இல்லை என்று அவருடைய ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிறுவனத்தை ஒரு குடும்பம்போல் நினைத்திருந்த வால்ட், அதைத் தமக்கு எதிரான துரோகமாகவே எடுத்துக்கொண்டார். ஊழியர்கள் பக்கம் இருந்த நியாயத்தை அவர் பார்க்கவில்லை. 1947ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகக் கூறி, சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவருடைய வாழ்க்கையைப் படிக்கும் நாம் இந்தப் பக்கத்தையும் புரட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை பெஞ்சு

வால்ட் 1925ல் லில்லியனை மணந்தார். டயேன், ஷாரன் என்று இரண்டு மகள்கள். வாரம் முழுவதும் வேலையே கதியென்று கிடந்த அந்த அப்பா, சனிக்கிழமையை மட்டும் மகள்களுக்கென்று ஒதுக்கி வைத்தார். லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் ஒரு குடை ராட்டினம் இருக்கிறது. மகள்கள் குதிரைகளில் ஏறிச் சுற்றுவார்கள். அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெஞ்சில்தான் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. இங்கே பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது; பெற்றோருக்கு என்ன இருக்கிறது? காசு கொடுப்பதும் காத்திருப்பதும்தான். அன்றைய பூங்காக்கள் பலவும் அழுக்காக இருந்தன. ஊழியர்கள் சிடுசிடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இருக்கக்கூடாது? இன்றைய கேளிக்கைப் பூங்காக்களின் அடிப்படை இந்த ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது.

1948ல் சிக்காகோவில் நடந்த ரயில் கண்காட்சிக்குப் போய்வந்த வால்ட், அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி தம் மனத்தில் இருந்த பூங்காவைப்பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஒரு சிற்றூர்ச் சதுக்கம், ரயில் நிலையம், மக்கள் உட்கார்ந்து இளைப்பாற இருக்கைகள் எல்லாம் இருந்தன. மார்சலீன் அவரை விடவில்லை. வீட்டுத் தோட்டத்திலும் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு, ஒரு குட்டி ரயில் ஓட்டினார். லில்லியனின் பூச்செடிகள் கெட்டுவிடக் கூடாது என்று அவற்றுக்குக் கீழே சுரங்கப்பாதை அமைத்தார். ரயில் இயந்திரத்துக்கு மனைவியின் பெயரையே சூட்டிச் சமாதானம் செய்தார்.

1951ல் டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் உள்ள டிவோலி பூங்காவைப் பார்த்தார். 1843ல் தொடங்கப்பட்ட பூங்கா அது. பூச்செடிகள், விளக்குகள், இசை, நல்ல உணவு, எங்கும் சுத்தம். முதியவர்களும் குழந்தைகளும் ஒன்றாக மாலைப்பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். தாம் நினைத்தது நடக்கக்கூடியதுதான் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

கால்நடையாகப் போட்ட கணக்கு

முதலில் தம் படப்பிடிப்புக் கூடத்துக்கு அருகிலேயே சிறிய பூங்கா கட்ட அனுமதி கேட்டார். ஊரின் அமைதி கெடும் என்று பர்பேங்க் நகர மன்றம் மறுத்துவிட்டது. அந்த மறுப்பே நன்மையாகவும் அமைந்தது. சிறிய இடம் போதாது என்பதை வால்ட் உணர்ந்தார்.

1953ல் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தினார். மக்கள்தொகை எந்தப் பக்கம் வளர்கிறது, புதிய விரைவுச்சாலை எங்கே வருகிறது, மழையும் வெயிலும் எப்படி என்றெல்லாம் கணக்கிட்டு அவர்கள் காட்டிய இடம் அனஹைம். அங்கே ஆரஞ்சு மரங்கள் நிறைந்த 160 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், உச்ச நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், ஒருவர் எவ்வளவு நேரம் தங்குவார், எவ்வளவு செலவழிப்பார் என்பதற்கும் கணக்கு உண்டு. இன்று நாம் கூட்டம் குறைந்த நாளைத் தேடிச் செயலியில் பார்க்கிறோமே, அந்தக் கணக்கின் மறுபக்கம் இது.

அனுபவசாலிகளான பூங்கா உரிமையாளர்கள் சிலரிடம் வரைபடத்தைக் காட்டியபோது இது தேறாது என்றார்கள். ஒரே ஒரு நுழைவாயில் வைத்தால் கூட்டம் முட்டும். கோட்டை, ஆறு, பூந்தோட்டம் என்று பணம் ஈட்டாதவற்றில் இவ்வளவு செலவு ஏன்? மதுவும் விற்காமல் எப்படிப் பிழைப்பது? வால்ட் எதையும் மாற்றவில்லை. ஏனென்றால் அவர்கள் சவாரிகளை எண்ணினார்கள்; அவர் குடும்பத்தின் ஒரு நாளை எண்ணினார்.

ஒரே வாயில் என்றால் எல்லாரும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிப்பார்கள். பிள்ளை வேறு வாயில் வழியாகத் தொலைந்துபோகாது. வாயிலைத் தாண்டினால் ஒரு பழங்காலக் கடைத்தெரு. தெருவின் முடிவில் கோட்டை கண்ணில் படும். கால்கள் தாமாகவே அதை நோக்கி நடக்கும். கோட்டைக்கு முன்னால் ஒரு வட்டமான திடல். சக்கரத்தின் ஆரங்கள்போல் அங்கிருந்து வெவ்வேறு உலகங்களுக்குப் பாதைகள் பிரியும். வழி தவறினால் திடலுக்குத் திரும்பிவந்தால் போதும். பூங்காவைச் சுற்றி உயரமான மண்மேடு. வெளியிலுள்ள சாலையும் கட்டடமும் கண்ணில் படாது. மேட்டின்மேல் ரயில். நடக்க முடியாத தாத்தாவும் அதில் உட்கார்ந்தபடியே பூங்காவைச் சுற்றி வரலாம்.

பணம்தான் பெரிய தடையாக இருந்தது. 1953 செப்டம்பரில், ராய் நியூயார்க்கில் கடன் கேட்கப் போவதற்கு முந்தைய சனி ஞாயிறில், ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை அருகில் உட்கார வைத்து வால்ட் விவரிக்க விவரிக்க, பூங்காவின் முதல் முழு வரைபடம் உருவானது. கடைசியில் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் முதலீடு செய்யவும் கடனுக்குப் பொறுப்பேற்கவும் முன்வந்தது. பதிலுக்கு வால்ட் வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தார். அதற்கு முன்பே அவர் தம் ஆயுள் காப்புறுதியின் மீது கடன் வாங்கியிருந்தார். விடுமுறை வீட்டையும் விற்றிருந்தார். பூங்கா என்றாலே அழுக்கு, சத்தம் என்று நினைத்திருந்த லில்லியனுக்கு இதில் எவ்வளவு கவலை இருந்திருக்கும்!

கறுப்பு ஞாயிறு

1954 ஜூலையில் வேலை தொடங்கியது. சரியாக ஓராண்டில், 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 17 மில்லியன் அமெரிக்க டாலர்.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் திருவிழா. நேரில் வந்தவர்களுக்குத் திண்டாட்டம். அழைப்பிதழ்களைக் கள்ளத்தனமாக அச்சடித்துக்கொண்டு பலர் உள்ளே புகுந்தனர். வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தொட்டது. புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் காலணிகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாகக் குடிநீர்க் குழாயா, கழிவறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வால்ட் கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். தாகத்தோடு நின்றவர்கள் திட்டினார்கள். எரிவாயுக் கசிவால் ஒரு பகுதி மூடப்பட்டது. நிறுவனத்தார் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே பின்னர் குறிப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து வால்ட் செய்ததுதான் முக்கியம். அவர் அலுவலகத்தில் உட்காரவில்லை, பூங்காவுக்குள் நடந்தார். வாயிலுக்கு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் மாடியில் அவருக்கும் குடும்பத்துக்கும் ஒரு சிறிய அறை இருந்தது. மக்களோடு வரிசையில் நின்றார், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டார், எங்கே களைத்து உட்காருகிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று கவனித்தார். வரிசைகளை மடித்து மடித்து அமைத்தார்கள். காத்திருப்பவர் நகர்ந்துகொண்டே இருப்பதால் சலிப்புக் குறைந்தது. குப்பைத்தொட்டிகளை நெருக்கமாக வைத்தார்கள். ஊழியர்களுக்கு விருந்தினரிடம் பேசுவதற்கே தனிப் பயிற்சி தரப்பட்டது. ஏழு வாரங்களில் ஒரு மில்லியன் பேர் வந்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். சவாரிகளுக்குத் தனிக் கட்டணம். சில மாதங்களில் சீட்டுப் புத்தகங்கள் வந்தன. சாதாரணச் சவாரிக்கு ஏ சீட்டு. பிறகு 1959ல் வந்த ஈ சீட்டு சிறந்த சவாரிகளுக்கு. ஈ சீட்டுகள் சிலவே இருக்கும். எதற்குப் பயன்படுத்துவது, யார் எதை விட்டுக்கொடுப்பது என்று குடும்பமே கூடிப் பேச வேண்டியிருக்கும். பூங்காவுக்குப் போகுமுன் திட்டமிடும் பழக்கத்துக்கு இந்தச் சீட்டுப் புத்தகம் ஒரு காரணம் என்று சொல்லலாம். ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்ற முறை 1982ல்தான் அதை முழுமையாக மாற்றியது.

ஒரு நாள் போதாது

பூங்கா வளர வளர வால்டுக்கு ஒரு குறை தெரிந்தது. தொலைவிலிருந்து வரும் குடும்பம் எங்கே தங்கும்? நிலமும் கட்டுமானமும் பணத்தை விழுங்கிவிட்டதால் ஹோட்டல் கட்ட அவரிடம் பணம் இல்லை. ஜாக் ராதர் என்ற தொழிலதிபரை அணுகி டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டச் செய்தார். அது 1955 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1959ல் பூங்காவுக்குள் ஓடத் தொடங்கிய மோனோரயில், 1961ல் அந்த ஹோட்டல் வரை நீட்டிக்கப்பட்டது. நண்பகல் வெயிலில் களைத்த பிள்ளையை அறைக்கு அழைத்துப்போய்த் தூங்க வைத்துவிட்டு, மாலையில் மீண்டும் பூங்காவுக்கு வரலாம். பல நாள் பயணத்தின் மிக எளிய இரகசியம் இதுதான்.

ஆனால் பூங்காவைச் சுற்றிய நிலம் அவருடையது அன்று. மலிவு விடுதிகளும் பளபளக்கும் விளம்பரப் பலகைகளும் முளைத்தன. மண்மேட்டுக்கு உள்ளே அவர் கட்டிக்காத்த அமைதி வாயிலைத் தாண்டியதும் கலைந்துபோனது. அடுத்த முறை போதுமான நிலம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று முடிவெடுத்தார்.

1963 நவம்பர் 22ஆம் தேதி விமானத்தில் ஃபுளோரிடா மாநிலத்தின் மேல் பறந்தார். ஆர்லாண்டோவுக்கு அருகே இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் பகுதி அவர் கண்ணில் பட்டது. சதுப்பு நிலமும் காடும்தான். அன்றுதான் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். வழியில் விமானம் தரையிறங்கியபோதுதான் அவர்களுக்குச் செய்தி தெரிந்தது.

டிஸ்னி வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். ஆகவே வெவ்வேறு பெயர்களில் தொடங்கிய சிறு நிறுவனங்கள் மூலம் நிலம் அமைதியாக வாங்கப்பட்டது. மொத்தம் 27,000 ஏக்கருக்கும் மேல். சிங்கப்பூரின் பரப்பளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு! 1965 அக்டோபரில் உள்ளூர் நாளிதழ் ஒன்று இரகசியத்தை உடைத்தது. அடுத்த மாதம் வால்ட் பொதுமக்கள் முன் திட்டத்தை அறிவித்தார்.

இதற்கிடையே 1964ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவருடைய குழு நான்கு காட்சிகளை உருவாக்கியது. உலகக் குழந்தைப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரி அவற்றில் ஒன்று. கிழக்குக் கரை மக்களும் தம்மைத் தேடி வருவார்கள் என்பதற்கு அது சோதனையாக அமைந்தது.

ஃபுளோரிடாவில் அவர் வரைந்தது வெறும் பூங்கா அன்று. விமானத்தில் வந்து இறங்கும் குடும்பம், மோனோரயிலில் ஹோட்டலுக்குப் போய், மறுநாள் பூங்காவைப் பார்த்து, அடுத்த நாள் நகரமொன்றைப் பார்க்கலாம். மக்கள் உண்மையிலேயே வாழும் எதிர்கால நகரம் அது. எப்காட் என்று அதற்குப் பெயரிட்டார். 1966 அக்டோபர் 27ஆம் தேதி அந்தத் திட்டத்தை விளக்கிப் படமெடுத்தார்கள். திரையில் தெம்பாகப் பேசும் அவரைப் பார்த்தால் நோயாளி என்று தோன்றாது.

அண்ணன் முடித்த வேலை

இளமை முதல் விடாமல் புகைத்தவர் வால்ட். நவம்பர் தொடக்கத்தில் நுரையீரலில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை பலன் தரவில்லை. மருத்துவமனைப் படுக்கையிலும் கூரையின் சதுரங்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இங்கே சாலை, இங்கே ஹோட்டல் என்று அண்ணனுக்குக் காட்டினார் என்று குடும்பத்தார் வழியாகச் சொல்லப்படுகிறது. 1966 டிசம்பர் 15ஆம் தேதி, 65 வயது நிறைந்து பத்தாம் நாள், அவர் காலமானார்.

ராய்க்கு அப்போது 73 வயது. ஓய்வு பெறத் தயாராகிக்கொண்டிருந்தவர். தம்பியின் வேலையை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் பொறுப்பை ஏற்றார். சதுப்பு நிலம் வடிகட்டப்பட்டது. கால்வாய்கள் வெட்டப்பட்டன. பூங்காவுக்கு அடியில் ஊழியர் நடமாடும் பாதைகள் அமைந்தன. கௌபாய் வேடமிட்ட ஊழியர் எதிர்கால உலகத்தின் வழியாக நடந்துபோகும் காட்சி வால்டை உறுத்தியிருந்தது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு பூங்காவும் இரண்டு ஹோட்டல்களும் திறக்கப்பட்டன. மக்கள் தம்பியை மறந்துவிடக் கூடாது என்று, அந்த இடத்துக்கு வால்ட் டிஸ்னி வோர்ல்ட் என்று முழுப்பெயரையும் வைத்தார் ராய். அதே டிசம்பர் 20ஆம் தேதி அவரும் மறைந்தார்.

எப்காட் 1982ல் திறக்கப்பட்டபோது அது மக்கள் வாழும் நகரமாக இல்லை. இன்னொரு பூங்காவாகவே இருந்தது. வால்ட் கண்ட கனவின் அந்தப் பாதி அவருடனேயே போய்விட்டது. மற்றொரு பாதி உலகெங்கும் பரவியது. 1983ல் தோக்கியோ, 1992ல் பாரிஸ், 2005ல் ஹாங்காங், 2016ல் ஷாங்ஹாய்.

நம் அட்டவணைக்கு ஒரு பாடம்

இந்தப் பூங்காக்கள் இன்று மலிவானவை அல்ல என்பது நமக்குத் தெரியும். நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று நாள் போய்வர, அப்பாவும் அம்மாவும் பல மாதம் சேமிக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே, கொடுத்த பணத்துக்கு ஒரு சவாரியையும் விடக் கூடாது என்று காலை முதல் இரவு வரை ஓடும் அட்டவணையைப் போட்டுவிடுகிறோம். மூன்றாம் நாள் யாரும் யாருடனும் பேசும் நிலையில் இருப்பதில்லை.

வால்டின் வாழ்க்கையை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் கேள்விகளின் வரிசை மாறும். எத்தனை சவாரி என்பதற்கு முன் யார் யார் வருகிறார்கள் என்று கேட்போம். அம்மாவுக்கு எது பிடிக்கும்? தாத்தா எங்கே உட்காருவார்? முதல் நாள் காலையில், கூட்டம் சேருமுன், எல்லாருக்கும் மிகப் பிடித்த இரண்டை முடித்துவிடலாம். நண்பகலில் அறைக்குத் திரும்பலாம். மாலை வெயில் தணிந்ததும் மீண்டும் போகலாம். பிரிந்துபோனால் சந்திக்க நடுத்திடலைக் குறித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்து, மற்றவர்கள் அதற்குத் துணை போகலாம். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ அரை நாளை எதுவும் எழுதாமல் விட்டுவைக்கலாம்.

ஆறு ஆண்டுகள் விடியலில் நாளிதழ் போட்டு விளையாட நேரமில்லாமல் வளர்ந்தவர், வேலைக்கு நடுவே சனிக்கிழமைகளை மட்டும் மகள்களுக்காகக் காப்பாற்றி வைத்தவர், அம்மாவுக்குக் கொடுத்த வீட்டாலேயே அம்மாவை இழந்தவர். குடும்பம் ஒன்றாக இருக்கும் நேரத்தின் அருமையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? கலிஃபோர்னியப் பூங்காவின் தீயணைப்பு நிலைய மாடியில், அவர் தங்கிய அறையின் சன்னலில் இன்றும் ஒரு விளக்கு எரிகிறது. அங்கே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கலாம். அங்கே போகாதவர்களும், அடுத்த விடுமுறையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும், பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பைகளைக் காத்துக்கொண்டிருக்கும் அப்பாவை எழுப்பி ஒரு சவாரிக்காவது கூட அழைத்துப் போகலாம்.